இடம் பிடித்தவர் யார், இடித்தவர் யார்

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்தில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. பந்தைத் தட்டிக்கொண்டு ஒருத்தி கூடையை நோக்கிப் பாய்கிறாள். எதிரணிப் பெண் குறுக்கே வருகிறாள். இருவரும் மோதி விழுகிறார்கள். விசில் ஒலிக்கிறது. நடுவர் இரு கைகளையும் இடுப்பில் வைத்தால் தவறு தடுத்தவளுடையது, அது பிளாக்கிங். மூடிய கையால் மறு உள்ளங்கையில் குத்திக் காட்டினால் தவறு பாய்ந்தவளுடையது, அது சார்ஜிங். பந்தை எறியும்போது பிளாக்கிங் நடந்து, பந்தும் உள்ளே விழுந்தால் கூடை கணக்கில் சேரும். கூடவே யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு, அதாவது ஒரு ஃப்ரீ த்ரோவும் உண்டு. சார்ஜிங் என்றால், மோதிய பிறகு எறிந்த பந்து விழுந்தாலும் செல்லாது. பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒரே மோதல்தான், ஆட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது நடுவரின் கையில் இருக்கிறது.

பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக விசில் பிடித்து வருகிறேன். பார்ப்பவர்கள் மட்டுமல்ல, பயிற்சியாளர்கள் பலரும் "நகர்ந்துவிட்டாள், பிளாக்கிங்!" என்று கத்துவார்கள். தடுப்பவர் சிலை போல் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எதிராளியை நேருக்கு நேர் பார்த்தபடி இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிவிட்டால் அந்த இடம் அவளுடையது. அதன்பின் பின்னால் போகலாம், பக்கவாட்டில் நகரலாம், நேர் மேலே குதிக்கலாம். அடியைத் தாங்கக் கைகளை நெஞ்சருகே மடக்கியும் வைத்துக்கொள்ளலாம். முன்னால் போய் இடிக்கத்தான் கூடாது.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்த வழக்கம் இங்கே செல்லாது. ஒரு காலை நீட்டியோ இடுப்பைச் சாய்த்தோ பாதையை மறித்தால் அது பிளாக்கிங்தான். உடம்பு மொத்தமும் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

பந்து கையில் இருப்பவளுக்கு எதிரே கடைசி நொடியில் வந்து நின்றாலும் செல்லும். பந்தோடு ஓடுகிறவள் எப்போதும் தடுப்பை எதிர்பார்க்க வேண்டும். பந்து இல்லாதவள் என்றால் குறைந்தது ஓர் எட்டு இடைவெளியாவது விட வேண்டும். அவள் வேகமாக ஓடிவந்தால் இன்னும் அதிகம். காற்றில் எழும்பியவள் விஷயத்தில் கணக்கு வேறு. அவள் தரையை விட்ட பிறகு அவள் இறங்கும் வழிக்குள் யாரும் புகக் கூடாது.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு மதிய நேரம், சிமெண்ட் தரை, பள்ளி மாணவிகள் ஆட்டம். என் கண் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தது. மோதல் நடந்த கணத்தில் ஒல்லியான ஒரு பெண்ணின் கால் பின்னால் நகர்வதை மட்டும் பார்த்தேன். கைகளை இடுப்பில் வைத்துவிட்டேன். அது அவளுக்கு ஐந்தாவது ஃபவுல். ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். எழுந்து வந்தபோது அவள் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பனியனில், எண்ணுக்குச் சற்று மேலே, நெஞ்சின் நடுவில் மற்றவளின் தோள் பட்ட வியர்வை ஈரம் வட்டமாகத் தெரிந்தது. "மேடம், நான் முன்பே வந்து நின்றுவிட்டேன்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது உண்மை. நெஞ்சின் நடுவில் வாங்கியவள் பெரும்பாலும் முன்பே வந்து நின்றவள்தான்.

அன்றிலிருந்து தடுப்பவளையே முதலில் பார்க்கிறேன். பந்தோடு வருகிறவள் எப்படியும் கண்ணில் படுவாள். தடுப்பவள் எப்போது திரும்பினாள், பாதம் எப்போது ஊன்றியது, மோதல் நெஞ்சிலா விலாவிலா என்பதெல்லாம் முன்கூட்டியே பார்த்திருந்தால்தான் தெரியும்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் இந்த ஆட்டத்துக்கு வகுத்த 13 விதிகளில் ஐந்தாவது, தோளால் இடிக்கவோ தள்ளவோ கூடாது என்பது. அவர் பணியாற்றிய அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதே கல்லூரி. ஆகவே இடிக்காமல் ஆட வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிய பாடமல்ல.

கடைசியாக, கூடைக்குக் கீழே உள்ள அரைவட்டம். சர்வதேச விதியில் 2010இல் வந்தது. தடுப்பவளின் பாதம் அந்தக் கோட்டைத் தொட்டாலே போதும். பந்தோடு எழும்பி எறிபவள் மோதினாலும் சார்ஜிங் கிடையாது, அவள் கையையோ காலையோ முறைகேடாக வீசாத வரை. நம் பள்ளித் திடல்கள் பலவற்றில் இந்தக் கோடு அழிந்து கிடக்கிறது. சிலவற்றில் போடவே இல்லை. கோடே இல்லாத இடத்தில் பிள்ளைகள் எதை நம்பி நிற்பார்கள்? அதனால் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுகிறேன். கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டர் அளந்தால் கூடையின் நேர்கீழ்ப் புள்ளி. அங்கே கயிற்றின் ஒரு முனையை ஒரு மாணவி அழுத்திப் பிடித்துக்கொள்வாள். 1.25 மீட்டரில் மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி, நான் குனிந்து வளைவைப் போட்டுவிடுவேன்.