காதை நம்பாதீர்கள்: நுழைவுத் தேர்வில் பிழையான தொடரைக் கண்டுபிடிக்கும் முறை

[திரையில்: தோட்டத்தில் இருந்த மரங்களுள் ஒன்று நேற்றைய காற்றில் சாய்ந்தன.]

இந்தத் தொடரை வாய்விட்டுப் படியுங்கள். எங்கும் இடறவில்லை, இல்லையா? ஆனால் இது பிழையான தொடர்.

கல்லூரி நுழைவுத் தேர்வின் தமிழ்ப் பகுதியில் 'பிழையான தொடரைத் தேர்க' என்று கேட்டால், படித்துப் பார்த்து காதுக்கு எது உறுத்துகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரின் வழக்கம். நம் காது பழகியது பேச்சுத் தமிழுக்கு. பேச்சில் "மரங்கள் விழுந்தது" என்றால் யாருக்கும் உறுத்தாது. எழுத்துத் தமிழிலோ "மரங்கள் விழுந்தன" என்றுதான் வர வேண்டும்.

எனவே தொடரைக் கடைசியிலிருந்து பாருங்கள். வினைமுற்று, அதாவது தொடரை முடித்து வைக்கும் வினைச்சொல், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். "சாய்ந்தன" என்பதை எடுத்துக்கொண்டு, சாய்ந்தது எது என்று பின்னோக்கித் தேடுங்கள். 'இல்', 'உள்', 'ஐ', 'கு' போன்ற வேற்றுமை உருபு ஏற்ற சொல் எழுவாய் (செயலைச் செய்வது) ஆகாது; அதை அடித்துவிடுங்கள். "தோட்டத்தில்" போயிற்று. "மரங்களுள்", "காற்றில்" இரண்டும் போயின. மிஞ்சுவது "ஒன்று". அப்படியானால் "சாய்ந்தது" என்பதே சரி.

[திரையில்: நானும் அவனும் சென்றார்கள். / ஒவ்வொரு மாணவனும் தன் பெயரை எழுதினார்கள். / இது என் புத்தகம் அல்ல.]

மூன்றும் பிழை. "நான்" சேர்ந்தால் தன்மைப் பன்மை: சென்றோம். "ஒவ்வொரு" வந்தால் ஒருமை: எழுதினான். மூன்றாவதில்தான் நன்றாகப் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அஃறிணை ஒருமைக்கு "அன்று", பன்மைக்கு "அல்ல". இது என் புத்தகம் அன்று. இவை என் புத்தகங்கள் அல்ல.

அடுத்து ஒற்றுப்பிழை, அதாவது க், ச், த், ப் போன்ற புள்ளி வைத்த எழுத்தை வேண்டிய இடத்தில் விடுவதும் வேண்டாத இடத்தில் போடுவதும். மதிப்பெண் அதிகம் கரைவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

'ஐ', 'கு' என்ற உருபுகள் வெளிப்படையாக நின்றால், அடுத்த சொல்லின் முதலில் வரும் க, ச, த, ப மிகும், அதாவது அதே எழுத்தின் ஒற்று முன்னால் சேரும்: பாடத்தைப் படித்தான், அவளுக்குக் கொடுத்தான். 'ஓடு', 'அது' ஆகியவற்றின் பின் மிகாது: தோழியோடு சென்றாள், எனது புத்தகம்.

ஆனால் 'ஐ' ஓசையில் முடியும் எல்லாச் சொல்லிலும் உருபு இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். "வேலை தேடினான்" என்றால் பணி தேடினான். "வேலைத் தேடினான்" என்றால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடினான். ஒரே ஓர் ஒற்றுதான், பொருளே வேறு.

பெயரெச்சத்திலும், அதாவது பெயர்ச்சொல்லைக் கொண்டு முடியும் முற்றுப்பெறாத வினையிலும், இப்படி ஓர் இணை உண்டு. "செல்லாத காசு" என்பதில் ஒற்று மிகாது. கடைசி 'த' கெட்டு நின்றால் மிகும்: செல்லாக் காசு. ஒன்று முதல் பத்து வரையான எண்களில் எட்டுக்கும் பத்துக்கும் மட்டும் மிகும். ஐந்து கதைகள், எட்டுக் கதைகள், பத்துப் பாடல்கள்.

தேவையில்லாத இடத்தில் ஒற்று போடுவதும் பிழைதான். ட், ற் இரண்டும் தம்மை அடுத்து இன்னொரு மெய்யெழுத்து நிற்க இடம் தராது. "முயற்ச்சி", "அதற்க்கு" என்று கண்டால் யோசிக்கவே வேண்டாம், முயற்சி, அதற்கு.

ஒரு, ஓர் எளிது. அடுத்து நிற்கும் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பாருங்கள். உயிர் என்றால் ஓர், உயிர்மெய் என்றால் ஒரு. "ஓர் பெரிய ஆலமரம்" பிழை. ஆலமரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, "ஓர்" என்பதை அடுத்து நிற்பது "பெரிய".

மரபுப்பிழைக்கு, அதாவது வழக்கமான சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைப் போடும் பிழைக்கு, விதி கிடையாது, மனப்பாடம்தான். மயில் அகவும், குயில் கூவும், யானை பிளிறும், ஆந்தை அலறும். கூடை முடைவார்கள், பானை வனைவார்கள், கூரை வேய்வார்கள்.

இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு, இந்த ஒரு தொடரைத் திருத்திப் பாருங்கள். பிழைகள் 4.

[திரையில்: ஒரு ஊரில் இருந்த குளங்கள் வற்றியதற்க்கு காரணம் மழையின்மை அல்ல.]

[10 நொடி இடைவெளி]

"ஊர்" உயிரெழுத்தில் தொடங்குவதால் "ஓர்". 'ற்' அடுத்து வந்த 'க்' வேண்டாதது. நான்காம் வேற்றுமை 'கு' வெளிப்படையாக நிற்பதால் "காரணம்" முன் 'க்' வேண்டும். "மழையின்மை" ஒருமை, ஆகவே "அன்று".

[திரையில்: ஓர் ஊரில் இருந்த குளங்கள் வற்றியதற்குக் காரணம் மழையின்மை அன்று.]