நீர்த்தேக்கத்துக்கு நிலம் எடுக்கிறாங்களா? கோஷம் போடுங்க, அடங்கலையும் எடுங்க

வணக்கம் மக்களே. விளைநிலத்தை எடுத்து நீர்த்தேக்கம் கட்டப்போறோம்னு அறிவிப்பு வந்ததும் மறியல், கறுப்புக்கொடி எல்லாம் நடக்கும். நடக்கட்டும். ஆனா கோர்ட்டு வரைக்கும் கூட வர்றது காகிதம்தான், முக்கியமா அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்னு வி.ஏ.ஓ. எழுதுற கிராமக் கணக்கு).

2013 நில எடுப்புச் சட்டத்துல பிரிவு 11தான் முதல்நிலை அறிவிப்பு. அதுலேர்ந்து 60 நாளுக்குள்ள, பிரிவு 15 படி கலெக்டருக்கு எழுத்துல ஆட்சேபனை போயிருக்கணும். எங்க சொதப்புதுன்னா, ஊரே சேர்ந்து ஒரே மனு, கீழ நூறு கையெழுத்து. இது போதாது. ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியா புல எண், உட்பிரிவு, பரப்பு போட்டு, "நேரில் விசாரிக்க வேண்டும்"னு ஒரு வரியும் சேர்த்துக் கொடுக்கணும். நகல்ல தேதியோட முத்திரை வாங்காம ஆபீஸை விட்டு வெளிய வராதீங்க.

"வாழ்வாதாரம் போயிடும்"னு மட்டும் எழுதினா, "இழப்பீடு தர்றோம்"னு ரெண்டு வரில முடிச்சிருவாங்க. இந்த நிலம் பொருத்தமா, இவ்வளவு பரப்பு வேணுமா, பொது நோக்கம் நியாயமாங்கிறதுல கை வைங்க. முழு நீர்மட்டத்தை ஒரு மீட்டர் குறைச்சா எத்தனை ஏக்கர் தப்பும்? பக்கத்து ஏரிகளைத் தூர்வாரினா எவ்வளவு தண்ணி நிக்கும்? இதுக்குத் திட்ட அறிக்கை வேணும். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரவே 30 நாள் ஆகலாம், அதனால அதை முதல் நாளே போட்டுருங்க.

பிரிவு 10தான் முக்கியமான பிடி. பல போகம் விளையுற பாசன நிலத்தை, வேற வழியே இல்லாதப்போ கடைசியாத்தான் எடுக்கலாம். கால்வாய் மாதிரி நீளவாக்குத் திட்டத்துக்கு இது பொருந்தாது. நீர்த்தேக்கம் அந்த வகையில வராது. ஆனா அ-பதிவேட்டுல (நிலத்தோட வகையைச் சொல்ற கிராமப் பதிவேடு) புஞ்சைன்னு இருக்கும், கிணத்துல ரெண்டு போகம் எடுத்துட்டு இருப்பாங்க. வயலைப் பார்க்காமலே எழுதின அடங்கல்ல ஒரு போகம்தான் நிக்கும், இல்லன்னா தரிசு! அஞ்சு பசலிக்கு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) அடங்கல் நகல் வாங்கிப் பாருங்க. தப்பா இருந்தா வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் எழுதுங்க. கிணத்து மோட்டார் மின் இணைப்பு எண், நெல் கொள்முதல் ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, எது இருந்தாலும் மனுவோட சேருங்க.

பலருக்குத் தெரியாத ஒண்ணு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படுற பாசனத் திட்டத்துக்கு சமூகத் தாக்க மதிப்பீடு (மக்களுக்கு என்ன பாதிப்புன்னு பார்க்கிற ஆய்வு) கிடையாது, பிரிவு 6லயே விலக்கு இருக்கு. அப்போ மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்துற கருத்துக்கேட்புதான் மேடை. குறைஞ்சது 30 நாள் முன்னாடி அறிவிக்கணும், வீடியோ எடுக்கணும், முடிவுல நடவடிக்கைக் குறிப்பைத் தமிழ்ல வாசிக்கணும். கோபத்துல வெளிநடப்பு பண்ணிட்டா அந்தக் குறிப்புல என்ன ஏறுச்சுன்னு பார்க்க ஆளே இருக்காது. நாலு பேராவது கடைசி வரைக்கும் உட்காருங்க.

ஆட்சேபனை கொடுத்தா இழப்பீடு குறையும்னு ஊருக்குள்ள ஒரு பயம் சுத்தும். அப்படி எந்தப் பிரிவும் இல்லை. பணம் வாங்குற கட்டம் வந்துட்டா, "ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்"னு எழுதிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. எழுதாம வாங்கினா, பிரிவு 64ல தொகையைக் கூட்டிக் கேட்கிற வழி அடைபட்டுப் போகும்.