மேய்ச்சலைத் தங்கிக் கற்பது

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலையை விட்டுவிட்டு ஆடு மாடு வளர்க்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தரமணியிலும் நாவலூரிலும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள், கல்லூரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தேடுபவர்கள், ஊரில் அப்பாவின் நிலம் சும்மா கிடக்கிறதே என்று மனசு கேட்காதவர்கள். இவர்களில் பலர் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வருகிறார்கள், காணொளி பார்க்கிறார்கள், உடனே கொட்டகைக்கு எஸ்டிமேட் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கொட்டகை போடுவதற்கு முன்னால் ஒரு மழைக்காலமும் அதையடுத்த கோடையும் வேறொருவர் பண்ணையில் தங்கி வேலை செய்யுங்கள்.

நான் பெரம்பூரில் வளர்ந்தவள். ஆடு மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு பண்ணையில் தங்கி வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது. இப்போது உத்திரமேரூர் பக்கம் மெட்ராஸ் ரெட் செம்மறிகளும் கொஞ்சம் நாட்டு மாடுகளும் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் எங்களோடுதான் தங்குகிறார்கள். மெட்ராஸ் ரெட் என்பது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சொந்த ஆடு. உடம்பில் கம்பளி கிடையாது, குட்டையான சிவப்பு முடிதான். நம்முடைய வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழகிய உடம்பு அது.

மண்ணை மீட்கும் கால்நடை வளர்ப்பு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். அதன் அடிப்படை எளிமையானது. புல்லின் இலையை மாடு கடித்ததும் புல் மறுபடி இலை விட வேண்டும். அதற்குக் கொஞ்சம் இலையாவது மிச்சம் இருக்க வேண்டும். 1955-ல் அமெரிக்க வேளாண் துறைக்காக கிரைடர் என்ற ஆய்வாளர் புற்களை வெவ்வேறு அளவில் வெட்டி, வேரை அளந்து பார்த்தார். இலையில் பாதியை வெட்டினால் வேர் பெரும்பாலும் வளர்ந்துகொண்டே இருந்தது. 80 சதவீதத்தை வெட்டியபோது வேர் வளர்ச்சி முழுவதுமாக நின்றுபோனது, அதுவும் பல நாளைக்கு. வேர் நின்றால் மழைத்தண்ணீர் இறங்க வழியில்லை, அடுத்த வறட்சியைத் தாங்கத் தெம்பில்லை. அதே காலத்தில் பிரான்சின் நார்மண்டியில் மாடு வளர்த்த ஆந்த்ரே வுவாசன் இதையே மேய்ச்சல் முறையாக வகுத்தார். ஒரு துண்டு நிலத்தில் மாட்டைக் கொஞ்ச நாள்தான் விட வேண்டும், புல் முழுதாக மீளும்வரை திரும்ப விடக்கூடாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோயல் சலட்டின் குடும்பத்தின் பாலிஃபேஸ் பண்ணையில் மாட்டைத் தினமும் இடம் மாற்றுகிறார்கள். மாடு போன சில நாளில் அதே இடத்தில் கோழிகளைச் சக்கர வண்டிக் கூண்டோடு கொண்டுபோய் விடுகிறார்கள், சாணத்தில் வளரும் புழுவைக் கோழி கிளறித் தின்றுவிடும். அங்கே இளைஞர்கள் வந்து தங்கி வேலை செய்து கற்பது பல வருட வழக்கம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வருகிறவர்களை நான் முதலில் காங்கேயம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அங்கே கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அங்கே அதில் பாதிகூட முழுசாகத் தேறாது. அந்த மழையை வைத்துக்கொண்டு காங்கேயம் மாட்டையும் ஆட்டையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரு காட்டில் மேயவிட்டு, புல்லின் அடிப்பகுதியான தூர் தெரியத் தொடங்கியதும் வேலி தாண்டி அடுத்த காட்டுக்கு மாற்றுகிறார்கள். வெள்வேல நிழலில் மாடு படுக்கிறது, கோடையில் அதன் காய் தீவனமாகிறது. வுவாசன் எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் பக்கத்தில் அது கிடையாக இருந்தது, இன்னும் இருக்கிறது. சம்பா அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். பகலெல்லாம் தாளிலும் வரப்பிலும் மேய்ந்த ஆடுகள் ராத்திரி வலைக்குள் அடைந்து புழுக்கையும் மூத்திரமும் போடும். மறுநாள் வலை பக்கத்து வயலுக்கு நகரும். நிலத்துக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று காசோ நெல்லோ கொடுப்பார். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று சொல்வது இந்த அனுபவத்தில்தான். ராமநாதபுரத்து ஆட்டுமந்தைக்காரர்களான கீதாரிகளும், மதுரை சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் கிடைமாட்டுக்காரர்களும் இன்றைக்கும் மந்தையோடு ஊர் ஊராக நடக்கிறார்கள். சென்னையைச் சுற்றி நடக்க இடமில்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு கிராமத்திலும் மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றி எருமைகள் மேய்ந்ததைப் பார்த்தவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடியும் சாலையும் நிற்கின்றன. நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டைப் பார்த்து வண்டியோட்டிகள் எரிச்சலடைகிறார்கள். அதற்குப் போக்கிடம் எங்கே வைத்தோம்?

சரி, தங்கிப் படிப்பதில் என்னதான் வருகிறது? வகுப்பறையில் தர முடியாதது ஒன்று, மந்தையை எப்போது நகர்த்துவது என்ற கணிப்பு. புத்தகத்தில் 30 நாள், 45 நாள் என்று போட்டிருக்கும். ஐப்பசியில் ஒரு மாதத்துக்குள் மீண்டுவரும் புல், பங்குனியில் மூன்று மாதமானாலும் அப்படியே நிற்கும். அதனால் நாட்காட்டியைப் பார்த்து மாற்ற முடியாது, தரையைப் பார்த்துத்தான் மாற்ற முடியும். எங்களிடம் கிடை போட வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்பார்கள். ஒருநாள் மேலே தளதளவென்று இருந்த புல்லுக்குள் ஆட்டை விடப்போன பையனைத் தடுத்து, “தழையப் பாக்காத தம்பி, தூரப் பாரு” என்றார். குனிந்து புல்லை விலக்கிக் காட்டினார். புதுக்குருத்து இன்னும் அடியிலேயே இருந்தது, மேலே தெரிந்தது மாடு போன தடவை ஒதுக்கிவிட்டுப் போன முற்றின தாள். அந்தப் பையன் அதற்குப் பிறகு எந்தத் துண்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து பார்க்கிறான்.

இடம் மாற்றுவதற்குப் புல் மட்டும் காரணமில்லை, புழுவும் காரணம். செம்மறியின் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று உண்டு. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லி, ஒரு குட்டி அதை எத்தனை நாள் தாங்கும்? புழுக்கையோடு தரையில் விழும் முட்டை ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வந்து, நனைந்த புல்லில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் தரையை ஒட்டிய பகுதியில்தான் இருக்கும். ஆகவே மழைக்காலத்தில் ஒரே இடத்தில் ஒட்ட மேயவிட்டால் ஆடு புழுவைத்தான் மேய்கிறது. மூன்று நான்கு நாளில் நகர்த்தி, புல்லை ஒரு சாண் உயரமாவது மிச்சம் விட்டால் பாதித் தொல்லை குறையும்.

மீதிப் பாதிக்குக் கண் வேண்டும். காலை வெளிச்சத்தில் ஆட்டைக் கால்களுக்கிடையில் நிறுத்தி, மேல் இமையை லேசாக அழுத்தி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறி வெள்ளையாக இருந்தால் அந்த ஆட்டுக்கு அன்றைக்கே மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் அச்சிட்ட ஃபமாச்சா என்ற அட்டை தயாரித்தார்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும் பழக்கத்தை இது மாற்றுகிறது. எல்லாவற்றுக்கும் அடிக்கடி ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தோடு வெளியேறி, சாணவண்டின் புழுக்களையும் கொன்றுவிடும். சாணவண்டு போனால் சாணியை மண்ணுக்குள் இறக்க ஆளில்லை, அது மேலேயே காய்ந்து வரட்டியாகிவிடும். எங்களிடம் வரும் பிள்ளைகள் குச்சியால் சாணியைப் புரட்டி, அடியில் துளை இருக்கிறதா என்று பார்ப்பதைத் தினசரி வேலையாகச் செய்கிறார்கள். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொள்பவர்கள்கூட அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், செலவே இல்லாதது. பழைய தகர டின் ஒன்றின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, மண்ணில் இரண்டு விரற்கடை இறங்கும்படி தட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஆடு மாடு ஓயாமல் மிதித்த வெறுந்தரையில் தண்ணீர் டின்னுக்குள் குளம்போல நிற்கும். இடம் மாற்றி மேய்த்து, ஓய்வு கொடுத்த புல்தரையில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருக்கும். சென்னையில் நவம்பர் வந்தால் வெள்ளத்துக்குப் பயப்படுகிறோம், மே வந்தால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். ஏரிகளுக்கு மேலே இருக்கும் மேய்ச்சல் தரையில் தண்ணீர் இறங்குகிறதா, வழிந்து ஓடுகிறதா என்பது நகரத்தாரும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

மிகையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி, மந்தையைத் திட்டமிட்டு நகர்த்தினால் பாலைவனமாவதைத் தடுத்து, பருவநிலை மாற்றத்தையே திருப்பிவிடலாம் என்கிறார். அறிவியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. மண்ணில் கரிமம் சேர்வதற்கு ஓர் எல்லை உண்டு, மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனும் இருக்கிறது. என் நிலத்தில் புல் மீண்டது, கிணற்றுப் பக்கத்து மண் பொதபொதவென்று ஆனது, தீவனச் செலவு குறைந்தது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

பண்ணையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்டிப்பாக இருங்கள். தங்கிப் பயிற்சி என்ற பேரில் சம்பளமில்லாத ஆளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை எத்தனை மணி நேரம், வார ஓய்வு உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, பெண்பிள்ளைகள் தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாளும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: போன மழைக்காலத்தில் எத்தனை குட்டி செத்தது? நோட்டை எடுத்து நீட்டுகிறவரிடம் தைரியமாகச் சேரலாம். எங்கள் பண்ணையில் சாவே இல்லை என்கிறவர் ஒன்று எழுதி வைக்கவில்லை, அல்லது உங்களிடம் சொல்லமாட்டார். இரண்டுமே படிக்கப் போகிறவருக்கு ஆகாது.

இன்னொன்று, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். பண்ணை முதலாளி பயிற்சிக் கட்டணம் வாங்கினால் அதில் மேய்க்கிறவருக்கும் பங்கு போக வேண்டும். பாடம் நடத்துவது அவர்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து நொண்டுகிற ஆட்டை நடையிலேயே கண்டுபிடிப்பவரும், எந்தத் துண்டில் எப்போது விடலாம் என்று அறிந்தவரும் அவர்தான். அவருக்குக் கூலி, வகுப்பெடுக்கிறவருக்கு மதிப்பூதியம் என்று பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. எங்களிடம் அந்தத் தாத்தாவுக்குக் கிடைக்காசு தனி, பயிற்சிப் பங்கு தனி.

படிப்பறிவையும் ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஊரிலேயே 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மாதவரம் பால்பண்ணையிலும் காட்டுப்பாக்கத்திலும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் இருக்கின்றன. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் பழைய வைத்தியத்தை அளவோடு வகுத்துப் பரப்பியது அந்தப் பல்கலைக்கழகம்தான். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி என்ற ஆட்டு நோய்களுக்குத் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

சேர நினைப்பவர்கள் ஆவணியிலேயே இடம் பார்த்துவிடுங்கள். புரட்டாசியில் போய்விட்டால் மழைக்கு முந்தின காய்ந்த தரையைப் பார்க்கலாம், பிறகு அதே தரை பச்சையாவதையும், தை மாசியில் கிடை போடுவதையும் பார்க்கலாம். கத்திரி வெயில் முடியும்வரை இருங்கள். போவதற்கு முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சாத பாலைக் குடிக்காதீர்கள். கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கன்றுவீச்சு நோய் மனிதருக்கும் வரும். முழுக்கைச் சட்டை, டார்ச் லைட், சேறு தாங்கும் செருப்பு, தினமும் எழுத ஒரு நோட்டு. இவ்வளவு போதும், மற்றதெல்லாம் பண்ணையில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.