நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

நகர்மன்ற உறுப்பினர்களே, மகளிர் குழுவிலிருந்து வந்திருக்கும் அக்கா தங்கைகளே, ஆசிரியர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மண்வெட்டியோடு கிளம்பும் தம்பிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஒரு நகராட்சியில் பூங்காப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் இந்த ஊரில் வருகிற ஐப்பசியில் பெரிய அளவில் மரம் நடப்போகிறீர்கள் என்று தெரிந்ததும், கூப்பிட்டவுடன் வந்துவிட்டேன். பல வருடங்களாக மனத்தில் கிடக்கும் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஜூன் மாதம். நான் வேலை பார்த்த ஊரில் கடைவீதி சாலையோரம் குழி வெட்டிக் கன்று நட்டோம். பெரியவர்கள் வந்தார்கள், பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், கைதட்டல், படம் எல்லாம் நடந்தது. எத்தனை கன்று என்று பதிவேட்டில் எழுதியது நான்தான். மறு சித்திரையில் வேறு வேலையாக அதே சாலையில் நடந்து போனேன். இரும்புக் கூண்டு வரிசையாக நின்றது. கூண்டில் கட்டிய உபயதாரர் பெயர்ப் பலகையும் பளிச்சென்று இருந்தது. உள்ளே இருந்தது காய்ந்த குச்சி. சில கூண்டுகளில் குச்சிகூட இல்லை, டீ குடித்த காகிதக் கப்புகள் கிடந்தன. அலுவலகத்துக்குத் திரும்பி அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ‘நடப்பட்டவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘உயிரோடு இருப்பவை’ என்று ஒரு கட்டம் அதில் இல்லவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சரி, அந்தக் கன்றுகள் ஏன் செத்தன? முதல் காரணம் நாங்கள் நட்ட மாதம்.

வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழாவை 1950இல் மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி ஜூலை மாதத்தில் தொடங்கி வைத்தார். வட இந்தியாவுக்கு அது சரியான காலம், தென்மேற்குப் பருவமழை அங்கே அப்போதுதான் இறங்குகிறது. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. கன்னியாகுமரிக்கும் நீலகிரிக்கும் அது பொருந்தலாம். நம்மைப் போன்ற கிழக்கு மாவட்டங்களுக்குக் கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், மண் இன்னும் கொதிக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் கார்த்திகை வரை வானமே தண்ணீர் ஊற்றும். ஜூனில் நட்டால் நான்கு மாதம் நாம் ஊற்ற வேண்டும். சிங்கப்பூரில் 1971இல் ஆண்டுதோறும் மரம் நடும் நாள் என்று ஒன்றைத் தொடங்கியபோது, அதற்கு நவம்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மழை வலுக்கும் காலம் அது. வருடம் முழுக்க மழை பெய்கிற ஊரே நாள் பார்த்து நட்டிருக்கிறது. நீங்கள் ஐப்பசியைத் தேர்ந்தெடுத்ததற்கு உங்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது காரணம் தண்ணீர். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

உங்கள் அழைப்பிதழில் 5,000 கன்று என்று போட்டிருக்கிறீர்கள். இந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று விசாரித்தேன். வார்டுக்கு இத்தனை என்று பிரித்துப் போட்டோம் என்றார்கள். தயவுசெய்து கணக்கை மறுமுனையிலிருந்து போடுங்கள். மரத்துக்கென்று ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு தண்ணீர் லாரி என்று வைத்துக்கொள்வோம், 6,000 லிட்டர் பிடிக்கும். கன்றுக்கு 20 லிட்டர் என்றால் ஒரு நடைக்கு 300 கன்று. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கன்று கன்றாக நிறுத்தி, குழாயை இழுத்து, பாத்தி நிறைய ஊற்றி நகர ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் ஆகும். நாள் முழுக்க ஓடினாலும் 250 கன்றுதான் ஆகும். வாரத்துக்கு ஐந்து நாள் ஓடினால் 1,250 முறை தண்ணீர் ஊற்றலாம்.

முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு முறை வேண்டும். இரண்டாவது கோடையில் வாரம் ஒரு முறை. மூன்றாவது கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். அதற்குப் பிறகு வேர் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். அப்படியானால் வருடாவருடம் நட்டுக்கொண்டே போகும்போது, மூன்றாம் வருடம் அந்த வருடம் நட்டது, முந்தின வருடம் நட்டது, அதற்கும் முந்தின வருடம் நட்டது என்று மூன்று தொகுதிக் கன்றுகளுக்கும் அந்த ஒரே லாரிதான் ஊற்ற வேண்டும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 350 கன்று வருகிறது. ஒரு லாரிக்கு 350. மூன்று லாரி இருந்தால் ஆயிரம். தெருவாசிகள் தங்கள் வீட்டு வாசல் கன்றுக்குத் தாங்களே தினம் ஒரு குடம் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டால் அந்தக் கன்றுகளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அழைப்பிதழில் இருக்கும் எண் குறைந்துவிடுமே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்கா என்ற அம்மா இருந்தார். 2025 நவம்பரில் காலமானார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குழந்தை இல்லாத அவரும் அவர் கணவரும் ஹுலிகல், குதூர் ஊர்களுக்கு இடையிலான சாலையில் ஆலங்கன்று வைத்து வளர்த்தார்கள். முதல் வருடம் 10 கன்று. அடுத்த வருடம் 15. அதற்கடுத்த வருடம் 20. பெரும்பாலும் மழைக்காலத்தில் நட்டார்கள். மழை இல்லாத நாளில் குடத்தில் தண்ணீர் சுமந்து கிலோமீட்டர் கணக்கில் நடந்தார்கள், மாடு கடிக்காமல் முள் வேலி கட்டினார்கள். அப்படி வளர்ந்த ஆலமரங்கள் 385. இருவர் தூக்க முடிந்த தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு கன்றுதான் அவர்கள் ஒரு வருடத்தில் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா போட்ட கணக்கை, பதிவேடும் பேனாவும் வைத்திருந்த நான் போடவில்லை.

அடுத்து நடுகிற முறை. சுருக்கமாகச் சொல்கிறேன், தம்பிகள் கவனிக்கவும். சாலையோரம் என்றால் மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம் குழி வேண்டும். கட்டட இடிபாட்டைத் திரும்பக் குழியில் தள்ளக் கூடாது. வெளியே கொட்டி, தொழு உரம் கலந்த மண்ணை இடுங்கள். கன்றின் பிளாஸ்டிக் கவரை முழுக்கக் கிழித்து எடுங்கள், அவசரத்தில் கவரோடு புதைத்த கன்றுகளை நானே தோண்டி எடுத்திருக்கிறேன். நாற்றங்காலில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் கவருக்குள் சுருண்டு சுருண்டு ஓடியிருக்கும். அப்படியே நட்டால் பத்து வருடம் கழித்து அந்த வேரே மரத்தின் கழுத்தை நெரிக்கும், காற்றில் சாய்த்துவிடும். அதனால் வாங்கும்போதே ஒன்றிரண்டு கவரைப் பிரித்துப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் மண் மட்டத்தில் இருக்கட்டும், ஆழமாகப் புதைக்க வேண்டாம். முட்டுக்கம்போடு கட்ட தேங்காய்நார்க் கயிறு போதும், இரும்புக் கம்பி வேண்டாம். இரண்டு வருடம் கழித்து முட்டுக்கம்பையும் கயிற்றையும் எடுக்க ஓர் ஆள் வர வேண்டும். கூண்டும் அப்படித்தான். தண்டு பருத்துக் கூண்டுக் கம்பியை விழுங்கிய மரம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

என்ன மரம் வைப்பது என்பதுதான் கூட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. விழுந்தவற்றில் மடகாஸ்கரிலிருந்து வந்த மே ஃபிளவரும், தூங்குமூஞ்சியும், மஞ்சள் பூப்பூக்கும் பெருங்கொன்றையும் நிறைய. சீக்கிரம் வளரும், நிழல் விரியும் என்றுதான் அவற்றை வைத்தோம். அதே சாலைகளில் வேம்பும் புங்கனும் நாவலும் பெரும்பாலும் கிளையை இழந்து நின்றன.

ஆனால் வெளிநாட்டு மரம் விழும், நம் மரம் நிற்கும் என்று இதை முடித்துவிடக் கூடாது. விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்தது. பல மரங்களுக்கு ஒரு பக்க வேரே இல்லை. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டியபோது வெட்டப்பட்டிருந்தது. மறுபக்கம் தண்டு வரைக்கும் சிமென்ட். வடிகாலை ஒட்டி நிற்கும் வேம்பின் வேரை ஜேசிபி ஒரு பக்கமாக அறுத்துவிட்டால் அந்த வேம்பும்தான் விழும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி மரங்கள் தொடர்பாக, தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அந்த ஒரு மீட்டரை நம் ஊரில் பேவர் பிளாக் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள் என்று நகர்மன்ற உறுப்பினர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வடிகால் வேலை தொடங்கும் முன்பு பூங்காப் பிரிவு ஆள் ஒருவர் போய் மரங்களைப் பார்த்துவிட்டு வரட்டும்.

இனத்தைப் பொறுத்தவரை என் யோசனை இதுதான். மின்கம்பி போகும் பக்கம் பூவரசு, மந்தாரை, சரக்கொன்றை போன்ற அடக்கமான மரங்கள். கம்பி இல்லாத அகலச் சாலையில் வேம்பு, புங்கன், இலுப்பை, மகிழம். வாய்க்கால் கரையில் மருது. நாவலைப் பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் வையுங்கள். நடைபாதையில் பழம் விழுந்து வயதானவர்கள் வழுக்குகிறார்கள் என்று புகார் வரும், அது நியாயமான புகார். எல்லாவற்றையும் ஒரே இனமாக வைக்காதீர்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் சான்டமோர் என்ற அறிஞர் 1990இல் ஒரு வரம்பு சொன்னார்: ஓர் ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று. அண்மை ஆண்டுகளில் தெலங்கானாவிலும் நம் பக்கத்திலும் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகியதைப் பார்த்தோம். ஊர் முழுக்க வேம்பு மட்டும் இருந்தால் அப்படிப்பட்ட ஒரு வருடத்தில் ஊரே மொட்டையாகத் தெரியும்.

கிளை வெட்டுவது பற்றி ஒன்று மட்டும். கம்பியில் படுகிறது என்று மரத்தின் தலையையே வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு இருப்பவை, அடுத்த காற்றில் முதலில் ஒடிவது அவைதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு வீக்கம் இருக்கும். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்டினால் மரம் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். கனமான கிளை என்றால் முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, கடைசியில் மிச்சத்தை எடுங்கள். பட்டை கிழியாது. இதை மின் ஊழியர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து மரத்தடியிலேயே செய்து காட்டினால் அவர்கள் நிச்சயம் கற்றுக்கொள்வார்கள். வெயிலில் ஏணியேறி வேலை செய்கிற அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்புறம் பணம். டெண்டர் எப்படி எழுதுகிறோமோ அப்படித்தான் மரம் வளரும். நட்ட அன்றே முழுத் தொகையும் கிடைத்தால், கான்ட்ராக்டருக்கு அந்தக் கன்றோடு உறவு அன்றோடு முடிந்துவிடும். நடும்போது ஒரு பங்கு, முதல் கோடை முடிந்து ஆனியில் எண்ணிப் பார்த்து ஒரு பங்கு, இரண்டாவது ஆனியில் ஒரு பங்கு, மூன்றாவதில் மீதி. உயிரோடு இருக்கும் கன்றுக்கு மட்டும் பணம். மகளிர் குழுக்களுக்கு இந்த வேலையைத் தெருத்தெருவாகக் கொடுத்தால் இன்னும் நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன். அதே தெருவில் குடியிருப்பவர்கள் அவர்கள், கன்று வாடுவதை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான்.

எண்ணிப் பார்ப்பது என்றேன் அல்லவா, அதற்கு மரங்களுக்கு எண் வேண்டும். சிங்கப்பூரில் 2018இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நகர மரங்களை இணைய வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து மக்கள் பார்க்க வைத்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் போதும்: தெரு, மர எண், இனம், நட்ட தேதி, சுற்றளவு, கோளாறு. ஆணி அடித்து எண் தொங்கவிடாதீர்கள், பெயின்டில் எழுதினால் போதும். முதலில் புதுக் கன்றை அல்ல, ஏற்கெனவே நிற்கும் பெரிய மரங்களை எண்ணுங்கள். இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் பழைய பேருந்து நிலையத்து அரசமரத்தைப் பார்த்தேன். அதன் அடியில் நாலா பக்கமும் சிமென்ட் இறுகியிருக்கிறது. தண்டில் விளம்பரத் தகர ஆணிகள் மட்டும் பதினேழு. ஒருமுறை சுற்றி வந்து எண்ணினேன்.

ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்கு நான் அந்த அரசமரத்தடியில் இருப்பேன். ஆணி பிடுங்கக் குறடும், சிமென்ட் உடைக்கக் கடப்பாரையும், எழுத ஒரு நோட்டும் கொண்டு வருகிறேன். நகராட்சியிடம் அனுமதியை நம் உறுப்பினர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வர முடிந்தவர்கள் அளவு நாடா ஒன்று எடுத்து வாருங்கள். அந்த மரத்துக்கு ஒன்று என்று எண் போட்டுத் தொடங்குவோம்.