திரும்பி வந்த பீமன்

நேயர்களுக்கு வணக்கம்.

பாஞ்சாலிக்கு ஒரு கஷ்டம் என்றால் ஓடி வருகிறவன் யார்? பீமன்தான். விராட நகரத்தில் கீசகன் தொல்லை தாங்காமல், நள்ளிரவில் அவள் மடைப்பள்ளிக்குப் போய் எழுப்பியது அவனைத்தான். சௌகந்திகப் பூ வேண்டுமென்று கேட்டதும் அவனிடம்தான். மனம் இருந்ததோ அர்ஜுனனிடம். இந்தப் பீமனின் பக்கம் நின்று எம்.டி. வாசுதேவன் நாயர் மலையாளத்தில் எழுதிய நாவல் ‘ரண்டாமூழம்’. 1984-இல் வந்தது.

தெய்வங்களை மனிதர்களாக்கிய நாவல் என்று இதைப் புகழ்வார்கள். அதைவிட, வியாசர் பேசாமல் கடந்துபோன இடங்களில் எம்.டி. போய் உட்கார்ந்துகொள்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பீமனின் மகன் கடோத்கசன் போரில் விழுந்த இரவைப் பாருங்கள். அர்ஜுனனுக்கென்று பத்திரப்படுத்திய சக்தி ஆயுதத்தைக் கர்ணன் அவன்மீது எறிந்துவிடுகிறான். பாண்டவர்கள் அழுகிறார்கள், கிருஷ்ணன் மட்டும் கூத்தாடுகிறான். கர்ணன் கொல்லாமல் விட்டிருந்தால் நானே கொன்றிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறான். எம்.டி.யின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள், வியாச பாரதத்திலேயே இருப்பது. தருமனின் புலம்பலும் அங்கே உண்டு. ஆனால் பெற்ற தகப்பன்? அவன் துக்கத்துக்கு அங்கே அதிக இடமில்லை. எம்.டி. அந்தக் கொண்டாட்டத்தைப் பீமன் காதில் விழவைக்கிறார். அவ்வளவுதான், நமக்குக் குலை நடுங்குகிறது.

அப்புறம் அந்தக் கடைசிப் பயணம். மலையேறும் வழியில் திரௌபதி விழுகிறாள். இவள் என்ன தவறு செய்தாள் என்று கேட்கிறவன் வியாசரிலும் பீமன்தான். அர்ஜுனன்மேல் தனிப் பிரியம் வைத்தாள் என்று சொல்லிவிட்டுத் தருமன் திரும்பிப் பாராமல் நடக்கிறான். பீமனும் பின்னாலேயே போகிறான். நாவலில் அவன் போகவில்லை. சொர்க்கம் கிடக்கட்டும் என்று அவளிடம் திரும்பி வருகிறான். நாவல் தொடங்குவதே இங்கேதான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இதில் பீமன் வாயுபுத்திரன் இல்லை, பெயர் தெரியாத ஒரு காட்டாளனுக்குப் பிறந்தவன். பீமனுக்கு அது பேரிடி, சரி. ஆனால் காற்றின் பிள்ளை என்பதில் இருந்த கம்பீரம் போய்விடுகிறதே!

குறிஞ்சிவேலனின் மொழிபெயர்ப்பில் ‘இரண்டாம் இடம்’ என்று தமிழிலும் இருக்கிறது. நாவலின் கடைசியில் ‘பலஸ்ருதி’ என்றொரு பகுதியில், தான் கதையை எப்படி அணுகினேன் என்று ஆசிரியரே விளக்குகிறார். தயவுசெய்து அதை முதலில் படித்துவிடாதீர்கள்.