வெள்ளைக் கைக்குட்டைக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். ஜாம்பியாவின் முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டாவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வானொலியில் நடந்த ஒரு கூத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1990 ஜூன் 30, விடியற்காலை. ராணுவ லெப்டினன்ட் ஒருவர் வானொலி நிலையத்துக்குள் புகுந்து, ‘கவுண்டா ஆட்சி கவிழ்ந்தது’ என்று அறிவித்துவிட்டார். ஆட்சி கவிழவில்லை, சில மணி நேரத்தில் அவர்தான் பிடிபட்டார். அதற்குள் தலைநகர் லுசாகாவில் ஜனங்கள் தெருவில் இறங்கி ஆட ஆரம்பித்திருந்தார்கள். அந்த வாரம்தான் மக்காச்சோள மாவு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, கலவரத்தில் பலர் செத்திருந்தார்கள்.

கவுண்டா பள்ளி ஆசிரியராக இருந்தவர், காந்தியைப் படித்து அகிம்சைக்கு வந்தவர், வெள்ளையர் ஆட்சியில் இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். எப்போதும் கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. 1964 அக்டோபர் 24-இல் சுதந்திரம் வந்தபோது வயது 40. நிறவெறி ஆட்சியை எதிர்த்த தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு லுசாகாவில் இடம் கொடுத்தார். வெள்ளையர் ஆண்ட அண்டை நாடான ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) பகைத்துக்கொண்டதில் செம்பு ஏற்றுமதிக்கு வழி அடைபட, சீனர்கள் தான்சானியா வரை 1860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுத் தந்தார்கள். பாதை முடிகிற நேரம் பார்த்துச் செம்பு விலை விழுந்தது.

இதெல்லாம் விதி என்று விட்டுவிடலாம். கப்வெப்வே விஷயத்தை அப்படி விட முடியாது. சைமன் கப்வெப்வே இளவயதுத் தோழர், துணை ஜனாதிபதியாகவும் இருந்தவர். 1971-இல் தனிக்கட்சி தொடங்கினார். மறுவருடம் கட்சிக்குத் தடை, அவருக்குச் சிறை. அந்த வருடக் கடைசியிலேயே ஒரே கட்சி ஆட்சி சட்டமானது. 1964-இல் வந்த அவசரநிலையோ 1991 வரை நீங்கவே இல்லை.

அப்புறம் அந்த 1991. பல கட்சித் தேர்தலுக்குச் சம்மதித்தார். தொழிற்சங்கத் தலைவர் சிலுபாவிடம் தோற்றார். கிடைத்தது சுமார் 24 சதவீத ஓட்டு. மறுபேச்சில்லாமல் நாற்காலியை விட்டார். என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

சிலுபா பெருந்தன்மை காட்டவில்லை. 1996-இல், பெற்றோர் இருவரும் ஜாம்பியர்களாக இருந்தால்தான் ஜனாதிபதி ஆகலாம் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். கவுண்டாவின் அப்பா, இன்று மலாவி எனப்படும் நாட்டிலிருந்து வந்தவர். மறுவருடம் கிறிஸ்துமஸ் அன்று, புதிதாக அறிவித்த அவசரநிலையின் கீழ் கவுண்டாவையே கைது செய்தார்கள். 1999-இல் ஒரு நீதிமன்றம், இவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை என்றது. மேல்முறையீடு செய்துதான், தான் விடுதலை வாங்கித் தந்த நாட்டில் குடியுரிமையைத் திரும்பப் பெற்றார். 2021-இல் அந்த லுசாகாவிலேயே இறந்தார், 97 வயதில்.