கயிற்றைக் கையில் சுற்ற வேண்டாம்

(நெல்லை வட்டாரக் கிராமம் ஒன்றில் பெண் கன்றுகளையும் ஆடுகளையும் காட்டிப் பரிசு பெறும் கிடாரிக் கன்றுப் பேரணிக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, ஆசிரியர்களே, கன்றும் ஆடும் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பரிசைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அவரவர் கையைப் பாருங்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தால் இப்போதே அவிழ்த்துவிடுங்கள். ஒரு வயதுக் கலப்பினக் கிடாரி நூறு கிலோவைத் தாண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை முப்பது கிலோ இருந்தால் அதிகம். கொட்டுச் சத்தத்தில் கன்று மிரண்டால் சுற்றின கயிறு இறுகிவிடும். விடவேண்டும் என்று பிள்ளை நினைத்தாலும் விட முடியாது, தரையோடு இழுபடும். மிச்சக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்பின் நடுவைப் பிடியுங்கள். விரலைத் திறந்தால் கயிறு போய்விட வேண்டும். கன்று ஓடினால் ஓடட்டும். பிடிக்கப் பெரியவர்கள் இருக்கிறோம். நைலான் கயிறு உருவும்போது உள்ளங்கைத் தோலையும் உரித்துவிடும். பருத்திக் கயிறே போதும்.

கழுத்தில் உருவாஞ்சுருக்கு போடாதீர்கள். திமிறத் திமிற இறுகி மூச்சு முட்டும். மரத்தில் கட்டும் முடிச்சோ, நுனியை இழுத்ததும் அவிழ வேண்டும். கன்றின் கண் உயரத்தில், ஒரு முழம் விட்டுக் கட்டுங்கள். தாழக் கட்டினால் முன்கால் சிக்கும்.

நேர் பின்னால் வருபவர் மாட்டுக்குத் தெரியாது. குரல் கொடுத்தபடி தோள் பக்கமாகப் போங்கள். மாடு பக்கவாட்டிலும் காலை வீசும்.

கிடாக்குட்டியின் நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடுகிறோமே, அதற்கு முட்டக் கற்றுக்கொடுப்பதே நாம்தான். வேம்பூர்ச் செம்மறிக் கிடா கொம்பு முற்றியபின் அதே விளையாட்டைப் பிள்ளையின் வயிற்றில் காட்டும். தாடையிலும் மார்பிலும் தடவுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வயிறு எடுப்பாகத் தெரியட்டும் என்று முந்தின இரவு சோறும் கஞ்சியும் மாவும் அள்ளி வைக்காதீர்கள். பழகாத மாவுத்தீனி இரைப்பையில் புளித்து அமிலமாகும். அசைபோடுவது நின்று, ஆடு சாய்ந்தும் போகலாம். வழக்கமான தீனியே கொடுங்கள். பங்குனி வெயிலில் நிழலும் தண்ணீரும்தான் முக்கியம்.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை மூன்று வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். நேற்றுப் போட்ட ஊசி இன்று காக்காது. உதட்டில் புண் உள்ள ஆட்டை வீட்டிலேயே விடுங்கள், அந்தப் புண் பிள்ளைகளின் விரலுக்கும் தொற்றும். சாப்பிடுமுன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பிள்ளைக்கு அடிபட்டால் 108, கால்நடைக்கு 1962.

வீடு திரும்பினதும் ஆட்டை நேரே பட்டியில் விடாதீர்கள். மூன்று வாரம் தனியே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.